ரெண்டாவது ஹெட்ஃபோன் எதுக்கு?

உங்ககிட்ட ஏற்கெனவே சென்ஹைசர் எச்டி 560எஸ் மாதிரி ஒரு ஓப்பன்-பேக் ஹெட்ஃபோன் இருக்குன்னு வைங்க. பாட்டு நல்லா விரிஞ்சு கேட்கும். ஆனா தூத்துக்குடி துறைமுகம் போற ரோட்டோரம் ரூம் எடுத்திருந்தா, கன்டெய்னர் லாரி சத்தமும் கூடவே கேட்கும். கப்போட பின்பக்கம் திறந்திருக்குறதுதான் காரணம்.

உடனே வால்யூமை ஏத்துவோம். அங்கதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான். போன காது திரும்ப வராது.

குளோஸ்டு-பேக்கில் கப் மூடியிருக்கும். வெளிச்சத்தம் குறையும், ரூம்மேட்டும் தூங்குவான். லாரி இன்ஜினோட உறுமல் மட்டும் கொஞ்சம் உள்ளே வரும்.

மூணு மாடலைப் பார்ப்போம்.

சோனி எம்டிஆர்-7506: 63 ஓம், மடக்கலாம். குரல் தெளிவு. வயரைக் கழற்ற முடியாது.

ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ்: 38 ஓம். மொபைலே போதும், வயரைக் கழற்றலாம். பேஸ் தூக்கல்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ: வெல்வெட் மாதிரி துணி பேட், நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு நல்லது. லேப்டாப்புக்கு 80 ஓம் வாங்குங்க. 250 ஓமுக்கு தனி ஆம்ப் தேவைப்படும்.

கண்ணாடி போடுறவங்க அதைப் போட்டுக்கிட்டே கேட்டுப் பாருங்க. பேடில் சின்ன இடைவெளி விழுந்தாலும் பேஸ் போயிடும், வெளிச்சத்தம் உள்ளே வந்துடும்.

என் ஓட்டு 80 ஓம் டிடி 770-க்கு. முதல் ஹெட்ஃபோனைவிட நல்லா பாடணும்னு இல்ல. வால்யூமைக் குறைக்க வெச்சாலே போதும்.