குறுந்தகடு ஏன் வாழ்கிறது?

சென்ற மாதம் பெங்களூர் எஸ்.பி. சாலையில் பழைய குறுந்தகட்டுக் கருவி ஒன்று வாங்கி வந்தேன். "செல்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்க, இது எதற்கு?" என்று அறைத்தோழர் நகைத்தார். நண்பர்களே, விடையைக் கேளுங்கள்.

1982-இல் சோனி, பிலிப்ஸ் கம்பெனிகள் விற்பனைக்குக் கொணர்ந்த இத்தகட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர். இசையை நொடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக்கி, நுண்குழிகளாகப் பதித்திருக்கிறார்கள். அவற்றைப் படிப்பது லேசர் ஒளி, ஊசி உராய்வதில்லை, ஆகவே பாடப்பாடத் தேய்வதில்லை. கீறல் விழுந்தால்? எண்களை இடம் மாற்றிக் கலைத்து, காப்பெண்களும் சேர்த்தே பதித்திருப்பதால், தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளப் பழுதையும் கருவி பிழையின்றி நிரப்பிவிடும்.

சந்தா முடிந்தால் செல்பேசிப் பாட்டு நின்றுவிடும். உரிமை ஒப்பந்தம் முறிந்தால் பாட்டே மறைந்துவிடும். என் தந்தையார் 2005-இல் வாங்கிய இளையராஜாவின் 'திருவாசகம்' தகட்டின் உறையில் அவர் கையெழுத்து இருக்கிறது. அவர் இன்று இல்லை. தகடோ, கீறல்களோடு, எவர் அனுமதியும் கேளாமல் பாடுகிறது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எழுத்து அச்சிட்ட மேற்புறத்தைக் காத்திடுங்கள். அலுமினியப் படலம் அங்கேதான், மெல்லிய பூச்சின் அடியில் இருக்கிறது. அது உரிந்தால் எந்தக் காப்பெண்ணும் பாட்டை மீட்டுத் தராது.