மழைக்காலக் கைக்குழந்தை: கடைக்கு ஓடும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வரை கைக்குழந்தை இருக்கும் பல வீடுகளில் ஒரே கதைதான் நடக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அம்மா பிரசவமான மூன்றாம் மாதமே ஷிப்டுக்குத் திரும்பிவிடுகிறார். ‘கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவெல்லாம் கிடையாது’ என்று மேஸ்திரி சொன்னதை நம்பிவிட்டார். குழந்தை ஆயாவிடம் இருக்கிறது. தாய்ப்பாலுக்குப் பதிலாக டப்பா பால்மாவு, அதைக் கரைக்கக் கேன் தண்ணீர், ஊட்ட ஒரு பாட்டில். நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு குழந்தைக்குப் பேதி. மெடிக்கல் ஷாப்பில் போய் ‘வயித்தால போகுது, ஏதாச்சும் குடுங்க’ என்று கேட்டு ஒரு மருந்து. மூன்றாம் நாள், கண் குழிவிழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

இதில் காசு கொடுத்து வாங்கிய எதுவும் குழந்தைக்குத் தேவையில்லை. தேவையானவையெல்லாம் இலவசமாகவோ சட்டப்படியோ கிடைக்கக்கூடியவை. விடுப்பைக் கேட்கவில்லை, சத்துமாவைக் கேட்கவில்லை, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கேட்கவில்லை. கேட்காத வீட்டைத் தேடி வந்து சொல்லும் அதிகாரிகளும் அபூர்வம்.

முதலில் அம்மாவின் விடுப்பு

பேறுகால விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். உயிரோடிருக்கும் குழந்தைகள் ஏற்கெனவே இரண்டு இருந்தால் 12 வாரம். 2025 நவம்பர் 21 முதல் இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. வாரக் கணக்கு குறையவில்லை. ‘பழைய சட்டம் போயிடுச்சு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிப்காட் தொழிலாளர்களில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இந்தப் பணத்தைக் கம்பெனி தருவதில்லை, ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் தருகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே ஈ.எஸ்.ஐ. கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கட்டாயம். கான்ட்ராக்ட்காரர் சந்தா கட்டத் தவறினால் அதைக் கட்டும் பொறுப்பு வேலை வாங்கும் முதன்மைக் கம்பெனியுடையது. மேஸ்திரி சொல்லும் ‘கிடையாது’வுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: கர்ப்பம் உறுதியான அன்றே உங்கள் பத்து இலக்க ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணை, அதாவது ஐ.பி. நம்பரை, கம்பெனியில் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்தம் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் மட்டும் இருந்தால் போதாது. ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு நுழைந்து, சந்தா உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்த 70 நாள் கணக்கில்தான் பலருக்கு அடி விழுகிறது. இடையில் வேறு கான்ட்ராக்ட்காரருக்கு மாற்றி, புதிய எண் ஒன்றைப் போட்டிருப்பார்கள். பழைய நாட்கள் அந்தப் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே ஒரே ஆளுக்கு ஒரே எண்தான். புதிய இடத்தில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள்.

மூன்று: பிரசவத்துக்கு முந்தைய எட்டு வாரத்திலிருந்தே விடுப்பைத் தொடங்கலாம். உங்களுக்கு ஒதுக்கிய ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவச் சான்று வாங்கி, மகப்பேறு உதவிக்கான கோரிக்கைப் படிவத்தை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுங்கள். இணையத்திலும் பதியலாம். வங்கிக் கணக்கு அம்மாவின் பெயரில், நடப்பில் இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் பிரசவத்துக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத நகலை எந்த அலுவலகமும் மதிக்காது.

நான்கு: சந்தாவைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ.யின் இலவச எண் 1800 11 2526இல் சொல்லுங்கள். அதோடு சென்னை நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் இருக்கும் மண்டல அலுவலகத்துக்குச் சம்பளச் சீட்டு நகலோடு பதிவுத் தபாலில் எழுத்துப் புகார் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு புகார் ஆகாது.

வேலைக்குத் திரும்பிய பிறகும் உரிமை முடிவதில்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். காப்பகம் இல்லாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். ஒருவராகக் கேட்கப் பயமாக இருந்தால் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கேளுங்கள்.

அடுப்படியில்

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீரும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம், வசம்பும் வேண்டாம். அம்மா ஷிப்டுக்குப் போனால் பாலைப் பீய்ச்சி, மூடிய எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போகலாம். வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலாடையில் ஊட்டுங்கள். மழைக்காலத்தில் பாட்டில் ரப்பரின் இடுக்கைச் சுத்தமாக வைப்பது யாராலும் ஆகாத காரியம். பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும்.

ஏழாம் மாதம் தொடங்கியதும் வீட்டுச் சோறு. முதலில் இரண்டு மூன்று ஸ்பூன், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலும் தொடர வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, உணவைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பது. பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை, சாதத் தண்ணீரில் சாதம் இல்லை. குழந்தையின் வயிறு சின்னது. அது தண்ணீரால் நிரம்பினால் எடை ஏறாது. ஸ்பூனைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதம் வேண்டும்.

மழைக்காலத்துக்கு ஏற்றது எளிமையான சமையல். அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்ததில் ஒரு துண்டு பரங்கிக்காய், கொஞ்சம் நல்லெண்ணெய் அல்லது நெய். சேறு தெறித்த தரைக்கீரையை விட மரத்தில் பறித்த முருங்கைக்கீரை நல்லது. நன்றாக அலசி, பருப்போடு வேகவைத்து மசியுங்கள். வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேழ்வரகுக் கூழ், முழுதாக வெந்த முட்டை, பழவேற்காட்டுப் பக்கத்துப் புது மீனில் முள் எடுத்த சதை என ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு உயிராபத்தான பாட்டுலிசம் நோயைத் தரும். தீபாவளி முறுக்கும் வேர்க்கடலையும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. மூச்சுக்குழலில் சிக்கும்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். ஃபிரிட்ஜில் இருக்கிறதே என்று நம்பிக் காலைச் சோற்றை இரவில் ஊட்டாதீர்கள். வீட்டில் அரைக்கும் சத்துமாவில் வேர்க்கடலை சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஈரம் காயாத கடலையில் பூஞ்சை பிடிக்கும், அந்த நச்சு வறுத்தாலும் வெந்தாலும் முழுதாகப் போகாது. மழை மாதங்களில் கடலை சேர்க்காமலே அரையுங்கள். மாவில் கட்டி கட்டியாக இருந்தாலோ முடைநாற்றம் அடித்தாலோ தூக்கிப் போடுங்கள்.

தண்ணீர் கேனாக இருந்தாலும் குழாயாக இருந்தாலும் குமிழ் விட்டுக் கொதிக்க வேண்டும். கேனில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் குழந்தைக்குக் கொதிக்க வைத்தே கொடுங்கள். ஆனால் கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து நிலத்தடி நீரில் ஏறிய கடல் உப்பும், தொழிற்பேட்டைப் போர்வெல்லில் இருக்கக்கூடிய உலோகமும் கொதித்தால் போகாது. போர்வெல் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள். அறிக்கை வரும்வரை அந்தத் தண்ணீரில் குழந்தைக்குச் சமைக்காதீர்கள். பேட்டரி, ஈயம் உருக்கும் பட்டறைகளில் வேலை பார்க்கும் அப்பாக்கள், குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வேலைச் சட்டையில் ஒட்டிவரும் ஈயத் தூசு குழந்தையின் மூளையைத் தாக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை.

அங்கன்வாடியில் உங்கள் பங்கு

ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம்வரை தாய்க்கும் உண்டு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமையாக்கியிருக்கிறது. தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து சிப்காட் ஓரம் குடியிருப்பவர் குழந்தைக்கும் இந்த உரிமை உண்டு. ‘ரேஷன் கார்டு இந்த ஊர்ல இல்லையே’ என்று திருப்பி அனுப்புவது தவறு.

கிடைக்கும் மாவையும் பலர் மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறார்கள். நூற்றுக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்கும் வீட்டில் இது நடப்பதுதான் எரிச்சல். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். ஈரமில்லாத டப்பாவில், ஈரமில்லாத ஸ்பூனோடு வையுங்கள்.

மாவு தரவில்லையா? குழந்தையின் பெயர், பிறந்த தேதி, மைய எண், எந்தெந்த மாதம் வரவில்லை என்ற விவரத்தோடு வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனுக் கொடுங்கள். அவர் கேட்காவிட்டால் திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி மையம் 1100இலும் பதியலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இருக்கிறது. 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஏழைக் குடும்பத்தில் 19 வயது நிறைந்த தாய்க்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கினால்தான் தவணைகள் வரும். பணம் நின்றுவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள்.

பேதி வந்தால், இருமல் வந்தால்

பேதியானால் பால் நிறுத்தாதீர்கள், சோறும் நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் மொத்தமாகக் கரையுங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். பாதிப் பொடியைப் பாதித் தண்ணீரில் கரைக்கும் சிக்கனம் வேண்டாம். ஒவ்வொரு முறை போனதும் கால் முதல் அரை டம்ளர் வரை, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 24 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குக் கீழ் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. சர்க்கரை மிகுந்த பானம் பேதியை அதிகமாக்கும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உத்தரவிட்டது. பெட்டியில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அதே மாதம்தான் இருமல் மருந்து விவகாரம் வெடித்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் அறிவுறுத்தியது. அதற்குப் பிறகும் ‘அண்ணே, புள்ளைக்கு இருமுது’ என்று கடையில் நிற்பவர்களை என்ன சொல்வது? கடைக்காரர் டாக்டர் இல்லை. சீட்டில்லாமல் கைக்குழந்தைக்கு எந்த சிரப்பும் வாங்காதீர்கள்.

மழைக்கு அடைத்த அறையில் சாம்பிராணியும் கரிச்சட்டியும் போடாதீர்கள். அந்தப் புகை குழந்தையின் மூச்சைத் திணறடிக்கும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதையும் எண்ணெய் விடுவதையும் ஆயாக்கள் இந்தத் தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளட்டும். பகலிலும் கொசுவலை கட்டுங்கள். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கிறது.

கண் குழிவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாதது, பால் குடிக்காதது, மலத்தில் ரத்தம், மயக்கம், வலிப்பு, மூச்சு வாங்குவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலில் சாலைகள் துண்டிக்கப்பட்டதை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. வெள்ளம் வரும் பகுதியில் இருப்பவர்கள் மழை தொடங்கும் முன்பே நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் வீட்டில் வாங்கி வையுங்கள்.

இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்கள்: ஈ.எஸ்.ஐ. சந்தாவைப் பாருங்கள், அங்கன்வாடியில் குழந்தையின் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள், ஓ.ஆர்.எஸ். வாங்கி வையுங்கள். பேதி வந்த பிறகு எந்த மனுவும் குழந்தைக்கு உதவாது.