ஸ்வரங்களின் பாகப்பிரிவினை

அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொள்ளும்போது, வரப்பை எங்கே போடுவது என்பதில்தான் வழக்குப் பிறக்கும். வீட்டில் ஹார்ன் ஒலிபெருக்கி வைத்துச் சங்கீதம் கேட்க விரும்பும் ரஸிகருக்கும் இதே தொல்லைதான். தணிந்த ஸ்வரங்களைப் பெரிய காகிதக் கூம்பும், உயர்ந்த ஸ்வரங்களை ஹார்னும் ஏற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வரப்பிடும் மின்சார வடிகட்டிக்குக் 'கிராஸ்ஓவர்' என்று பெயர்.

நாகஸ்வரத்தின் அணசைப்போல ஹார்னும் கழுத்தில் குறுகி, வாயில் விரிந்தது. அதனதன் அளவுக்கேற்ப ஒவ்வொரு ஹார்னுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே சென்றால் காற்றின் எதிர்ப்பு நீங்கி, உள்ளிருக்கும் மெல்லிய தகடு பிடிமானமின்றித் துள்ளும், உடைந்தும் போகலாம். ஆகவே வரப்பு அந்த எல்லைக்கு நன்றாக மேலேயே அமைய வேண்டும். 1945-ல் அமெரிக்காவில் ஆல்டெக் லான்ஸிங் கம்பெனியார் சினிமாக் கொட்டகைகளுக்காகத் தொடங்கிய 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையில் ஏ-7 என்பது பிரசித்தமானது. அதில் பெரிய ஹார்ன் வைத்தால் வினாடிக்கு 500 அதிர்வில் வரப்பு. சிறிய ஹார்ன் என்றால் 800-ல்.

"ஒரு கண்டென்சர் போதாதோ?" என்று கேட்பீர்கள். 8 ஓம் ஹார்னுக்கு 800 அதிர்வில் வரப்பிட, ஏறக்குறைய 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றே கணக்குக்குச் சரிதான். ஆனால் வரப்புக்குக் கீழே, ஒரு ஸ்தாயி இறங்குந்தோறும் அது மின்னழுத்தத்தைப் பாதியாக்குமே ஒழிய, தகட்டின் அசைவைக் குறைக்காது. ஏனெனில் ஒரே மின்னழுத்தத்தில் ஸ்தாயி ஒன்று இறங்கினால் அசைவு இரு மடங்காகிறது. லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி! தகட்டைக் காக்க, ஸ்தாயிக்கு 12 டெசிபெலாவது குறைக்கும் வடிகட்டி வேண்டும். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இருவர் பெயரால் வழங்கும் 24 டெசிபெல் முறையில், வரப்பிடத்தில் இரு பங்காளிகளும் பாதிப் பாதி அழுத்தம் தந்து, ஒருமித்து முழுமையாகின்றனர்.

ஹார்னின் குரலோ உரத்தது. கூம்பைவிட 10 டெசிபெல் மிஞ்சுவது சகஜம். அதற்கு வரும் சக்தியைத் தடைகளால் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும். அப்போதும் வடிகட்டிக்குத் தெரியும் 8 ஓம் மாறலாகாது. மாறினால் போட்ட வரப்பே நகர்ந்துவிடும்.

இன்னொன்று, தூரம். ஹார்னின் தகடு கூம்பைவிட 34 சென்டிமீட்டர் பின்னே இருந்தால் ஒலி 1 மில்லி வினாடி தாமதிக்கும். 500 அதிர்வில் அது அரை அலை. சமமாயிருக்கும் இரு ஒலிகளும் அங்கே ஒன்றையொன்று விழுங்கிவிடும். ஹார்னை முன்னுக்கு நகர்த்தியோ, இக்காலத்து டிஜிட்டல் சாதனத்தால் கூம்பின் ஒலியைத் தாமதித்தோ இதைச் சரிப்படுத்தலாம்.

கடைசிப் பரீக்ஷை காதுக்கே. மறைந்த வித்துவான் ஒருவரின் இசைத்தட்டை வைத்து, அவர் கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே ஏறுவதைக் கேளுங்கள். பாதி வழியில் வேறொருவர் வந்து பாடுவதாகத் தோன்றினால், வரப்பு தவறிய இடம் அதுதான். அவர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து அந்தக் குரல் ஒன்றே. அதையும் இரண்டாகப் பிரிக்கலாமா?