போதைப்பொருள் வழக்கு: சிறைக்குப் பதில் சிகிச்சை பெற முடியுமா?

‘பையன் கஞ்சா கேஸ்ல மாட்டிக்கிட்டான், ஜாமீன் எப்ப கிடைக்கும்?’ இப்படி ஒரு வழக்கு வந்துவிட்டால் பெற்றோர் முதலில் ஓடுவது ஜாமீனுக்காகத்தான். ஆனால், ஜாமீன் கிடைத்து வீட்டுக்கு வந்தாலும் போதைப் பழக்கம் அவருடனேயே வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற, அவரைக் கைது செய்த அதே சட்டத்திலேயே வழி இருக்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை.

யாருக்குப் பொருந்தும்?

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், போதைக்கு அடிமையானவரையும் கடத்தல்காரரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ (பிரிவு 27), ‘சிறிய அளவு’ வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவருக்கு மட்டுமே இந்தச் சிகிச்சை வாய்ப்பு. கஞ்சா என்றால் 1 கிலோ வரையும், ஹெராயின் 5 கிராம், கொக்கைன் 2 கிராம் வரையும் சிறிய அளவு.

‘ஃப்ரெண்ட்ஸோட ஒரே ஒரு தடவைதான் சார்’ என்பவருக்கு இது பொருந்தாது. போதைப்பொருளைச் சார்ந்தே இருப்பவரைத்தான் சட்டம் அடிமையானவர் என்கிறது. எனவே மனநல மருத்துவரின் பரிசோதனையும் சான்றும் முக்கியம்.

இரண்டு வழிகள்

முதலாவது, பிரிவு 64ஏ. குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையிலோ மையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது. ஆனால், சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

இரண்டாவது, பிரிவு 39. இது குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகு வருவது. வயது, முன் நடத்தை, உடல், மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, தண்டனையை உடனே அறிவிக்காமல், அவரது சம்மதத்துடன் நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம். அவர் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து, ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலன் குறித்த அறிக்கையை நீதிமன்றத்தில் தர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், கண்டித்து விடுவிக்கலாம். அப்போதும், அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை இந்தச் சட்டத்தின் கீழ் மீண்டும் குற்றம் செய்ய மாட்டேன் என்று பத்திரம் தர வேண்டியிருக்கும். மீறினால், தள்ளிவைத்த தண்டனை திரும்ப வரும்.

குடிபோதையில் நடந்த குற்றங்கள்?

மதுவுக்கு மேலே சொன்ன பிரிவுகள் பொருந்தாது. அங்கே உதவுவது 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் ஒருவரை வெளியே விடலாம். போதையைத் தொடக் கூடாது என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்க இந்தச் சட்டம் இடம் தருகிறது.

வெளியே வைத்து ஏன் சிகிச்சை?

‘உள்ளே போட்டா தானா திருந்திடுவான்’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சில மாதம் போதை கிடைக்காமல் இருப்பது வேறு, குணமாவது வேறு. ஹெராயின் போன்ற பொருட்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் உயிரே போகலாம். சிறையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை.

வீடு, வேலை, பழைய நண்பர்கள் என்று எல்லாம் சுற்றியிருக்கும்போதே போதையை மறுக்கப் பழகுவதுதான் உண்மையான சிகிச்சை. மருந்து, ஆலோசனை, குடும்பத்தின் துணை மூன்றும் அதற்கு வேண்டும்.

குடும்பம் கவனிக்க வேண்டியவை

சிகிச்சை வாய்ப்பு தானாகத் தேடி வராது. வழக்கறிஞர் மூலம் மருத்துவச் சான்றுடன் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

சேர்க்கும் மையத்துக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் இந்தப் பிரிவுகளின் பலனைக் கேட்க முடியாமல் போகும். சிகிச்சை என்ற பெயரில் சங்கிலியால் கட்டிவைப்பதை 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சேர்க்கை, வருகை, மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டுதலுக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றது அது. மீதி 37 பேரில் ஒருவர் நீதிமன்றப் படியேறும் நாள், அவர் முதன்முறையாக ஒரு மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பாகவும் மாறலாம். அதற்கு யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.