நீலத்துக்கு நீலமே மருந்து!

பல் முளைக்கிற குழந்தை ராத்திரி முழுதும் சிணுங்கினால் பெற்றவளுக்குத் தூக்கம் ஏது? ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தஞ்சாவூர் மேல வீதியிலிருந்து ஒரு பெண், ஆறு மாதக் குழந்தையோடு திருவையாற்றுப் பக்கம் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தையின் அழுகை பொறுக்காமல், கைப்பையிலிருந்த 'ஜெல்'லை எடுத்து ஈறில் தடவுகிறாள். ஈறு மரத்துப் போகிறது, குழந்தையும் அடங்குகிறது. "அப்பாடா!" என்று படுக்கிறாள்.

அரை மணி கழித்து விளக்கைப் போட்டால், குழந்தையின் உதடு நாவற்பழம் தின்றாற்போல் இருக்கிறது. நகக்கண்களும் நீலம்!

"ஐயோ, ஏதோ தீண்டிவிட்டதடீ!" என்று பாட்டி அலறுகிறாள். வயலும் வரப்புமான ஊரில், உடம்பு நீலம் பாரித்தால் வேறென்ன தோன்றும்?

ஆனால் தீண்டியது பாம்பல்ல, தடவிய மருந்துதான்!

ஈறையும் தொண்டையையும் மரக்கச் செய்யும் 'பென்ஸோகெயின்' என்ற மருந்து, மிக அபூர்வமாகச் சிலருக்கு இப்படிச் செய்துவிடும். இந்தக் கோளாறுக்கு 'மெத்ஹெமோகுளோபினீமியா' என்று பெயர். பெயர்தான் நீளம், விஷயம் எளிது.

நம் ரத்தத்தில் உள்ள ஹெமோகுளோபின், களத்திலிருந்து நெல் ஏற்றிச் செல்லும் வண்டி மாதிரி. அது ஏற்றுகிற மூட்டை, பிராணவாயு. இந்த மருந்து ஹெமோகுளோபினில் உள்ள இரும்பின் தன்மையை மாற்றிவிடுகிறது. அப்புறம் வண்டி ஓடும், மூட்டை ஏறாது! சிவந்த ரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும். மூக்கில் பிராணவாயு வைத்தால் மட்டும் தீராது. களத்தில் எத்தனை மூட்டை அடுக்கினாலும், ஏற்ற வண்டி வேண்டாமா?

கெட்டுப்போன ஹெமோகுளோபினைச் சீராக்கும் சக்தி நம் உடம்பிலேயே உண்டு. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு அது குறைவு. அதனால்தான் பச்சைக் குழந்தைகளுக்கு அபாயம் அதிகம். பெரியவர்களுக்கும், தொண்டையில் மரப்பு மருந்து தெளித்துக் குழாய் விட்டுச் சோதிக்கும்போது இது நேர்ந்ததுண்டு.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? ஒரு நீலச் சாயம்! 1876-ல் ஜெர்மன் ரசாயன நிபுணர் ஹைன்ரிக் காரோ தயாரித்த 'மெதிலீன் புளூ' அது. 1960-களில் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில், பரம்பரையாகவே நீல நிறத்துடன் பிறந்த ஒரு குடும்பத்தாருக்கு டாக்டர் மாடிசன் காவைன் இந்த மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நிமிஷங்களில் நீலம் மறைந்து மேனி சிவந்தது! இருந்தாலும், ரத்தத்தில் வேறொரு பரம்பரைக் குறை உள்ள சிலருக்கு இந்த மருந்தே ஆகாது. ஆகவே டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். மரப்பு மருந்து பட்ட பிறகு உதடோ நகமோ நீலம் பாரித்தாலும், மூச்சு வாங்கினாலும், குழந்தை துவண்டு போனாலும், திருநீறு போட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தடவிய டியூபையும் கையோடு எடுத்துப் போய், "இதைத் தடவினேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கமோ பயமோ வேண்டாம். அந்த ஒரு வார்த்தையே பிள்ளையைக் காப்பாற்றும். ஏற்கெனவே பலமுறை தடவி ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியமும் கூடாது.

2018-ல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பல் வலிக்குப் பென்ஸோகெயின் மருந்துகளை விற்கக் கூடாது என்று எச்சரித்தது. நாமும் மேலுறையைப் படித்துவிட்டு வாங்கலாமே!

அப்படியானால் அழுகிற குழந்தைக்கு என்ன செய்வது? கையைச் சுத்தமாகக் கழுவி, விரல் நுனியால் ஈறை இதமாகத் தேய்த்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள்.

பாம்பு விஷயத்தில் பாட்டி சொன்னது தப்பாக இருக்கலாம். ஆனால் ஈறைத் தேய்த்துவிடும் அவள் விரல் இருக்கிறதே, அதை எந்த டியூபும் வெல்ல முடியாது!