ஓடும் நாடா, ஊர்ந்து வரும் படம்

சிங்கப்பூரின் கிராஞ்சிக் கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் தெரியும். கூரை ஆன்டெனா காலத்தில் இந்த வட்டார வீடுகளில் சிங்கப்பூர் ஒளிவழியும் மலேசிய ஒளிவழியும் ஒரே பெட்டியில் வந்தன. இரண்டுமே ‘பிஏஎல்’ முறை: 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். 1990களின் தொடக்கத்தில், கணினியில் செய்த அசைபடத்தை வீட்டு வீடியோ கேசட்டில் ஏற்ற ஆசைப்பட்டவருக்கு முதல் முட்டுக்கட்டை இங்கேதான். 1990இல் அமெரிக்க ஆர்வலர்களைக் கொண்டாட வைத்த ‘வீடியோ டோஸ்டர்’ என்ற கணினி வீடியோ கருவி அந்நாட்டு ‘என்டிஎஸ்சி’ முறைக்கு மட்டுமே உரியது.

சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் கணினி வாங்கிவிடலாம். ஆனால் அதைத் தொலைக்காட்சியோடு இணங்க வைப்பது தனி வேலை. அன்றைய தொலைக்காட்சி நொடிக்கு 15,625 கோடுகள் வரையும். ‘விஜிஏ’ திரை முறைக் கணினியோ ஏறத்தாழ 31,500. இடையில் ஒரு மாற்றுக் கருவி இல்லாமல் படம் நிற்காது. கொமடோர் அமிகா 500 வைத்திருந்தவர் கொடுத்துவைத்தவர். அது தொலைக்காட்சியின் வேகத்திலேயே கோடு வரையும். சின்ன மாடுலேட்டர் போதும்.

உண்மையான மல்லுக்கட்டு நேரத்தோடுதான். பத்து நொடிக் காட்சிக்கு 250 படங்கள் வேண்டும். ஒளியும் நிழலும் கணக்கிட்டு ஒரு முப்பரிமாணப் படம் வரைய 10 நிமிடம் என்றால், மொத்தம் ஏறக்குறைய 42 மணி நேரம். நாடா அதுவரை காத்திருக்காது. தொழில்முறைக் கூடங்களில் ஒவ்வொரு படத்துக்கும் நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, வேகம் பிடித்ததும் சரியான இடத்தில் ஒரே ஒரு படத்தைப் பதிந்தார்கள். வீட்டு விஎச்எஸ் ரெக்கார்டருக்கு அந்தத் துல்லியம் ஏது?

எனவே எல்லாவற்றையும் வரைந்து சேமித்து, ஒரே மூச்சில் ஓட்டிப் பதிய வேண்டும். முழு அளவுப் படம் என்றால் நொடிக்கு இரண்டு கோடி பைட்டுக்கு மேல். அன்றைய வன்தட்டு அதில் பத்தில் ஒரு பங்கைத் தருவதே பெரும்பாடு. 1989இல் வந்த ‘ஆட்டோடெஸ்க் அனிமேட்டர்’ இதற்கு அழகான வழி கண்டது. 320×200 புள்ளிகள், 256 வண்ணங்கள். முந்தைய படத்திலிருந்து மாறிய புள்ளிகளை மட்டும் எழுதும். பின்னணி அசையாமல் பறவை மட்டும் பறந்தால், பறவையைச் சுற்றிய இடம்தான் மாறும். இந்தச் சிக்கனத்தை நான் பெரிய கலையாகவே மதிக்கிறேன்.

ஓட்டிப் பதிந்தாலும் சிக்கல் தீராது. விஎச்எஸ் நாடா வண்ணத்தை மிகக் குறைந்த நுணுக்கத்தில்தான் பதியும். அடர்சிவப்பு எழுத்து கரை தாண்டி வழியும். அன்றைய திரை ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறி வரைவதால், ஒரு புள்ளித் தடிமனுள்ள படுக்கைக் கோடு படபடவென மினுக்கும். இரண்டு புள்ளியாக்கினால் அடங்கும். பொறுமையுள்ளவர்கள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என ஒவ்வொரு பாதிக்கும் தனிப்படம் வரைந்து, நொடிக்கு 50 அசைவுகள் பெற்றார்கள்.

அத்தகைய கேசட் உங்கள் அலமாரியில் இருந்தால் முதலில் நாடாவைப் பாருங்கள். நம் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்து எண்மமாக்கித் தருபவரிடம் நொடிக்கு 50 பாதிகளையும் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். 25 ஆகச் சுருக்கினால், ராத்திரி பகலாக வரைந்த அசைவில் பாதி போய்விடும்.