அழுக்குக்கே ஐஸ் வைக்கிறாங்க!

புது பைக் டெலிவரி எடுத்த அன்னிக்கு டயரை உத்துப் பார்த்திருக்கீங்களா? அரும்பு மீசை மாதிரி டயர் முழுக்க பொடிப் பொடியா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும். 'புது டயருக்கு அதுதான் அழகு'ன்னு பிய்க்கவே விடமாட்டாங்க சிலர். மேட்டர் வேற பாஸ்! டயர் வெந்த அச்சில் குட்டிக் குட்டித் துளைகள் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறத்தான் அந்தத் துளைகள். காற்றைத் துரத்திக்கொண்டு ரப்பரும் கொஞ்சம் அதற்குள் புகுந்துவிடும். அந்த மிச்சம்தான் நீங்க தடவிப் பார்க்கிற முடி.

இப்போ அந்த அச்சின் கதையைக் கேளுங்க. மோல்டு என்று சொல்வார்கள். 150 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடாக இருக்கும். அதற்குள் டயரை வைத்து அழுத்தி வேக வைக்கிறார்கள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று டயர்கள் வெந்து வெளியே வர வர, அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி மோல்டில் ஒரு கறுப்புப் படலம் ஏறிவிடும். அதைச் சுரண்டாமல் விட்டால் டயரில் எழுத்து மழுங்கும், டிசைன் தேயும், துளை அடைக்கும்.

பழைய முறை என்ன தெரியுமா? மெஷினை நிறுத்தணும். மோல்டு ஆறணும். கழற்றி வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போய், மணலோ கண்ணாடி மணியோ வைத்து வேகமாக அடிக்கணும். திரும்ப மாட்டி, திரும்பச் சூடேத்தணும். அதுவரைக்கும் அந்த மெஷின் சும்மா நிற்கும். போதாக்குறைக்கு, மணல் அழுக்கை மட்டுமா தேய்க்கும்? மோல்டையும் சேர்த்துத் தேய்க்கும்.

இங்கேதான் என்ட்ரி கொடுக்கிறார் நம்ம ஹீரோ, டிரை ஐஸ்!

கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை, பொண்ணு காலடியில் புகை விடுவாங்களே, அதே சரக்குதான். உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு. குளிர் மைனஸ் 78.5 டிகிரி. நம்ம ஐஸ் உருகித் தண்ணியாகும். இவர் தண்ணியே ஆகமாட்டார், நேரா வாயுதான். கற்பூரத்தைத் திறந்து வச்சா காணாமப் போகுமே, ஸ்கூலில் 'பதங்கமாதல்' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

அரிசி மணி சைஸில், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் இதைத் துண்டு துண்டாக்கி, அழுத்தமான காற்றோடு சேர்த்துக் குழாய் வழியே அடிக்கிறார்கள். மூணு வேலை ஒரே நேரத்தில் நடக்குது. வேகமா வந்து மோதுற அடி ஒண்ணு. திடீர்க் குளிரில் அழுக்குப் படலம் விறைச்சு விரிசல் விடுறது இன்னொண்ணு. மூணாவதுதான் செம! மோதின துகள் வாயுவாகி, ஏறக்குறைய 800 மடங்கு விரியுது. விரிசலுக்குள் புகுந்த துகள் அங்கேயே விரிஞ்சா என்ன ஆகும்? அழுக்கு அடியோட பெயர்ந்து விழும்.

டயர் மோல்டுக்கு இது ஏன் பொருத்தம் என்றால், மோல்டு ஆறவே வேண்டாம். சொல்லப் போனால் சூடாக இருந்தால்தான் நல்லது. மேலே படலத்துக்குக் குளிர், அடியில் உலோகத்துக்குச் சூடு... ரெண்டுக்கும் ஒத்துவராமல் பிரிந்துவிடும். மெஷினில் மாட்டியபடியே வேலையை முடிச்சிடலாம். டிரை ஐஸ் சாக்பீஸ் போல மென்மையானது, இரும்பைக் கீறாது. ஈரமும் மிஞ்சாது. அதனால்தான் மோட்டார், பிஸ்கட் சுடும் அடுப்பு, பிரின்டிங் மெஷின் என்று பல இடத்துக்கும் போய்விட்டது.

யார் யோசிச்சது? விமானக் கம்பெனியான லாக்ஹீடில் வேலை பார்த்த கால்வின் ஃபாங் என்பவருக்கு 1977ல் அமெரிக்காவில் இதற்கான காப்புரிமை கிடைத்தது. 1980களில் மெஷின் விற்பனைக்கே வந்துவிட்டது.

'மேஜிக் மாதிரி அழுக்கு மறைஞ்சிடும்'னு விளம்பரத்தில் சொல்வாங்க, நம்பாதீங்க. மறைவது ஐஸ் மட்டும்தான். அழுக்கு கீழே கிடக்கும், கூட்டி அள்ளணும். ஆழமாப் பிடிச்ச துருவுக்கு இது சரிப்படாது. அடைத்துப்போன நுண்துளைகளும் எப்பவும் திறந்துவிடாது, சிலதை டிரில் வைத்துத்தான் குத்தணும். டிரை ஐஸை வாங்கி ஸ்டோரில் பூட்டி வைக்கவும் முடியாது. வச்ச இடத்திலேயே கரைஞ்சுக்கிட்டு இருக்கும், காசும் கூடவே கரையும்.

அப்போ மணலே போதுமே என்கிறீர்களா? நீங்க போட்டிருக்கிற ஃபேடட் ஜீன்ஸைக் கேளுங்க. ஜீன்ஸை வெளுக்க வைக்கத் துருக்கியில் மணலை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசியை சுவாசித்த இளம் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. நுரையீரல் தழும்பேறிப் போகிற நோய், குணப்படுத்த மருந்து கிடையாது. பலர் செத்த பிறகு, 2009ல் அங்கே ஜீன்ஸுக்கு மணல் அடிப்பதைத் தடை செய்தார்கள். டிரை ஐஸில் அந்த மணல் தூசி இல்லை. ஆனா இதற்கும் ஒரு குணம் உண்டு. அதை விளம்பரத்தில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு கிலோ டிரை ஐஸ் வாயுவானால் சுமார் 540 லிட்டர். மெஷின் மணிக்கு 50 கிலோ குடிக்குதுன்னு வச்சுக்குங்க. 27,000 லிட்டர் வாயு! பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்... கிட்டத்தட்ட முழுசா நிரம்பிடும். அவ்வளவு எல்லாம் தேவையில்லை. காற்றில் 4 சதவிகிதம் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது தொழிற்சாலைப் பாதுகாப்புக் கணக்கு. காற்றோட்டம் இல்லாத அதே ரூமில் அதற்கு சுமார் 2 கிலோ போதும்!

வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வெள்ளையாத் தெரியுற புகை காற்றில் இருக்கும் ஈரம்தான், அந்த வாயு இல்லை. அதனால் புகை கலைஞ்சாலும் வாயு அங்கேயே இருக்கலாம். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் வேறு, பள்ளத்திலும் தொட்டியிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. புகை வரட்டும் என்று நீச்சல் குளத்தில் டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு ஹோட்டலில் மவுத் ஃப்ரெஷ்னர் என்று கொடுத்ததை வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். அது டிரை ஐஸ்.

தொழிற்சாலையில் குழாயைப் பிடித்து நிற்கிறவர் தினமும் இதோடு குடும்பம் நடத்துகிறார். முகமூடி, குளிர் தாங்கும் கையுறை எல்லாம் கட்டாயம். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதுக்கும் கவசம் வேணும். மின்சாரம் தேங்காமல் இருக்க எர்த் கம்பி வேணும். காற்று இழுக்கும் ஃபேன் ஓடணும், வாயுவை அளக்கும் மீட்டர் கத்தும் நிலையில் இருக்கணும். இதில் முதலில் நின்றுபோவது பெரும்பாலும் ஃபேன்தான் என்பது என் சந்தேகம். 'சத்தமா இருக்கு, ஆஃப் பண்ணு'ன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க!

'கார்பன் டை ஆக்ஸைடா? பூமி சூடாகுமே'ன்னு கேட்கும் பசுமைப் பிரியர்களுக்கு... இந்த வாயு பெரும்பாலும் உரம், எத்தனால் ஆலைகளில் எப்படியும் வெளியே போக வேண்டியது. அதைப் பிடித்து உறைய வைக்கிறார்கள். புதுசா எதையும் எரிக்கவில்லை என்பது சரி. உறைய வைக்கவும், லாரியில் கொண்டு வரவும், கம்ப்ரஸர் ஓட்டவும் ஆகிற கரன்ட்டும் டீசலும் தனிக்கணக்கு. 'முழுக்க பசுமை' என்று யாராவது பிரசன்டேஷன் போட்டால் அந்தக் கணக்கையும் கேளுங்க.

மெக்கானிக்கல், கெமிக்கல் மக்களே! இண்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது இந்த மெஷினைப் பார்த்தால் செல்ஃபி அப்புறம். ஓட்டுறவர்கிட்ட, 'அண்ணே, வாயு மீட்டர் எங்கே மாட்டியிருக்கு?'ன்னு கேளுங்க. டக்குனு கை நீட்டிக் காட்டினா தாராளமா உள்ளே போங்க. 'எந்த மீட்டர் தம்பி?'ன்னு திருப்பிக் கேட்டாரா? வாசலிலேயே நில்லுங்க, அவரையும் வெளியே கூப்பிடுங்க.